இரண்டு வீட்டு அரிசி வண்டுகள்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அடுத்ததாக, நான் கேட்காமலே, தங்கள் வீட்டு அரிசியில் வண்டு வருவதில்லை என்பார்கள். முதலாவதை நான் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவதை நம்புவதில்லை. அரிசி உள்ள வீட்டில் வண்டு இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் அது இன்னும் அரிசி மணிக்குள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். களஞ்சியங்களில் அரிசியை அரிக்கும் வண்டுகளை இனம் பிரிப்பது எங்கள் வேலை. வீட்டில் நாம் அரிசி வண்டு என்று சொல்வது உண்மையில் இரண்டு இனம். ஒன்று அரிசிவண்டு, மற்றது சோளவண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சோளவண்டு அரிசியையும் தின்னும், அரிசிவண்டு சோளத்தையும் விட்டுவைக்காது. இரண்டுக்கும் ஒரே கபில நிறம், ஒரே நீட்டு மூக்கு, முதுகில் ஒரே மாதிரி நான்கு மங்கல் புள்ளிகள். சோளவண்டு கொஞ்சம் பெரிது என்று புத்தகம் சொல்லும். நன்றாகத் தின்று கொழுத்த அரிசிவண்டும் பட்டினி கிடந்த சோளவண்டும் அருகருகே கிடந்தால் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதுதான். ஆண்வண்டு என்றால் வயிற்றைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லலாம். பெண்வண்டு என்றால் கஷ்டம். மணிக்குள் இருக்கும் புழு என்றால் கடவுளைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் கடவுளுக்குப் பதிலாக மரபணுவைக் கேட்டோம். ஒரு இனத்தில் மட்டும் இருக்கும் சிறு துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெருக்கினால், வண்டு தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

இந்த இடத்தில் நான் ஒரு தத்துவம் சொல்வேன் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. கொழும்பு, சண்டைக்காலம், ஒரே மாதிரி இருப்பவர்களைப் பிரித்தெடுப்பது என்று தலையை ஆட்டிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார்கள். எனக்குப் பூச்சியைப் பூச்சியாகப் பார்க்கவே பொழுது போதாமல் இருந்தது. நான் சொல்ல வந்தது இரண்டு பெண்களைப் பற்றி.

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்துப் போகும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடிக் கட்டிடத்தின் மூன்றாம் தட்டில் நான் அறை எடுத்து இருந்தேன். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இல்லை, பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நான் அவரை அன்ரி என்பேன். எதையும் நிறுவிக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார். மழை பெய்கிறது என்று சொன்னாலும் யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்க்கிற ஆள்.

எதிர்க் கதவு ஒரு முஸ்லிம் அம்மாவின் வீடு. கட்டிடம் முழுக்க அவரை உம்மா என்றுதான் கூப்பிடும். அவருடைய மகனுக்குப் புறக்கோட்டையில் அரிசி, பருப்பு, சோளம் விற்கும் கடை. உம்மா அன்ரியை டீச்சர் என்பார். அன்ரி அவரை உம்மா என்பார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இருவரும் சேர்ந்தது அரிசியால்தான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடைகள் பூட்டிக் கிடந்தபோது பிஸ்கட்டும் தேத்தண்ணியுமாகக் கிடந்த ஆள் அன்ரி. அதன் பிறகு வீட்டில் ஒரு மூட்டை அரிசி குறையாமல் வைத்திருப்பார். எங்காவது குண்டு வெடித்தது என்று செய்தி வந்தால் அது இரண்டு மூட்டையாகும். உம்மாவுக்கும் அதே பயம் இருந்தது, அதற்கு மேல் கடையும் இருந்தது. அவ்வளவு அரிசியை வைத்திருந்தால் வண்டு வராமல் இருக்குமா? அதனால் சனிக்கிழமைகளில் இருவரும் மொட்டைமாடிக்கு அரிசியைக் கொண்டுபோய், பழைய படுக்கை விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காயப்போடுவார்கள். தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இரண்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காகம் கலைப்பார்கள். காகம் வராத நேரத்தில் கதைப்பார்கள். காகம் வந்தபோதும் கதைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்ரி சிரிப்பதை அந்த மாடியில்தான் முதன்முதலில் கேட்டேன்.

அன்ரிக்குச் சிங்களம் ஓடாது. இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் மீன்காரனோடு விரலால்தான் கணக்குப் பார்ப்பார். பிழையாக ஒன்றைச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது மேல் என்பது அவர் கட்சி. அதனால் சோதனை என்று பொலிஸ் வந்தால் உம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். எங்கள் அடையாள அட்டைகளையும், தமிழர் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டையும் தன் கையாலேயே வாங்கிக் கொடுப்பார். "மே அபே டீச்சர்" என்பார். இது எங்கள் டீச்சர் என்று அர்த்தம். அந்த 'எங்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்களின் குரல் கொஞ்சம் இறங்கும்.

இருவருக்கும் சண்டை வந்ததும் அரிசியால்தான். திடீரென்று ஊரடங்கு போட்ட ஒரு நாள், அன்ரி தன் மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை என்று உம்மா வீட்டில் இருந்து கொஞ்ச அரிசி வாங்கினார். இல்லை, அது முதல் தடவை. இரண்டாம் தடவை வாங்கியது உம்மா. ரின்பால் பேணியால் அளக்கும் சுண்டுக் கணக்கில் அவர்கள் இப்படி மாறி மாறிக் கைமாற்று வாங்குவார்கள், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் மட்டுமே தெரியும். உம்மா திருப்பிக் கொடுத்த அரிசியை அன்ரி தன் பெரிய தகரத்துக்குள் கொட்டினார். சில வாரம் கழித்துத் தகரத்தைத் திறந்தால் அரிசி முழுவதும் ஊர்ந்தது.

அன்ரி அதைத் தன் வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. படிக்கட்டில் வைத்துச் சொன்னார். கீழ்த் தட்டுக்காரர்கள் காய்கறிப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"உம்மா, நீங்கள் தந்த அரிசியைக் கலந்ததாலை என்ர அரிசி முழுக்க வண்டாப் போச்சு. கடையரிசியை வீட்டுக்குக் கொண்டு வாறபோது பாத்துக் கொண்டு வர வேணும்."

உம்மா ஏறி வந்துகொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஏண்ட கையால தந்தது அவ்வளவு கூடாமப் போச்சா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

அதோடு சரி. சனிக்கிழமை மாடியில் ஒரு விரிப்புத்தான் இருந்தது. அன்ரி காலையில் காயப்போட்டார், உம்மா மத்தியானத்துக்குப் பிறகு. ஒருவர் இறங்கும் சத்தம் கேட்டபின் மற்றவர் ஏறினார். அன்ரி என்னோடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஏதோ நான்தான் வண்டைக் கொண்டுவந்து விட்ட மாதிரி. என் தொழிலைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வந்தாலும் பிழை சொல்ல முடியாது.

பிறகு ஒரு விடியற்காலை சோதனைக்கு வந்தார்கள். ஒழுங்கை முழுவதும் வளைத்துத் தட்டுத் தட்டாக ஏறி வந்தார்கள். எங்கள் கதவைத் தட்டியபோது அன்ரி அட்டைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் வந்தவர்களில் இல்லை. எதிர்க் கதவில் இருந்தது. அது மூடிக் கிடந்தது.

என் அறையில் ஒரு தட்டு நிறைய, வண்டுகளைப் போட்டுச் சாராயம் ஊற்றி மூடிய சின்னச் சின்னக் குழாய்கள் இருந்தன. ஆய்வுகூடத்துச் சாராயம், குடிக்கிறது இல்லை. ஒரு பெண் கொன்ஸ்டபிள் அதில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என்னைப் போல வடக்கில் பிறந்த ஒரு இளம்பெண்ணின் அறையில் பெயர் தெரியாத குழாய்கள் என்றால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரிந்த காலம்.

எதிர்க் கதவு திறந்தது. உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து எங்கள் வாசலில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். அன்ரியின் கையிலிருந்த அட்டைகளை வாங்கிக் கொடுத்தார். "ஹால் குல்லோ, மிஸ். அரிசிப் பூச்சி. இந்தப் பிள்ளை அதைப் படிக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். கொன்ஸ்டபிள் குழாயை இன்னொரு தரம் பார்த்தார். தன் வீட்டு அரிசிப் பானை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், உதடு கொஞ்சம் சுழிந்தது. குழாயைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மே அபே டீச்சர்" என்று உம்மா வழக்கம்போலச் சொன்னார். அவர்கள் அடுத்த தட்டுக்கு ஏறினார்கள். உம்மா அன்ரியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்ரி கதிரையில் இருந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் தேத்தண்ணி போட்டேன். அது ஆறிப் போய்க் கிடந்தது.

அந்தக் கிழமையே கீழ்த்தட்டில் இருந்து கதை வந்தது. உம்மாவின் மகன் ஹெந்தளையில் வீடு கட்டி முடித்துவிட்டார். மாதக் கடைசியில் எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். ஹெந்தளை கொழும்புக்கு அடுத்துத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைச் சாவடிகள் நிறைந்த அந்தக் காலத்தில், அன்ரியைப் பொறுத்தவரை அது கனடாவை விடத் தூரம். பாமன்கடைச் சந்திக்கு மரக்கறி வாங்கப் போவதென்றாலே அடையாள அட்டையை இரண்டு தரம் எடுத்துப் பார்ப்பவர் அவர்.

இரவுச் சாப்பாட்டின்போது அவர் என்னைக் கேட்டார்.

"பிள்ளை, உம்மட மெஷினிலை அவையின்ர வண்டும் எங்கட வண்டும் ஒண்டோ எண்டு பாக்கலாமோ?"

"பாக்கலாம் அன்ரி. ஏன்?"

"அவவின்ரை கடையிலை சோளமும் விக்கினம். நான் கூட்டுறவுச் சங்கக் கடையிலை வாங்கிறனான். ரெண்டும் வேறை இனமா இருந்தால் நான் சொன்னது பிழை. நான் போய் மன்னிப்புக் கேக்கலாம்."

"ஒரே இனமா இருந்தால்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. நான் சரியெண்டு வந்தால் பிறகு என்ன சாட்டுச் சொல்லி அந்தக் கதவைத் தட்டுறது?"

அவரிடம் எனக்கு அதுவரை மரியாதைதான் இருந்தது. அன்றைக்குத்தான் பாசம் வந்தது.

எங்கள் தகரத்தில் இருந்து வண்டு எடுப்பது சுலபம். எதிர் வீட்டில் எப்படிக் கேட்பது? வண்டு இருக்கிறதா என்று ஒரு வீட்டுக்காரியைக் கேட்பது, உங்கள் வீடு கூட்டாமல் கிடக்கிறதா என்று கேட்பது போல. களஞ்சியத்தில் மூட்டைக்குள் கை விட்டு எடுக்கிற எனக்கு இந்தக் கதவு பெரிய மலையாக இருந்தது. எல்லா வீட்டிலும் சேர்க்கிறோம், ஆய்வுகூடத்துக்கு என்று இழுத்தேன்.

உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர் அனுப்பினாவா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம், உம்மா."

"அப்ப எடு புள்ள" என்று அரிசி வாளியை என் முன்னால் இழுத்து வைத்தார். "எடுத்திட்டுப் போ. ஆனா எங்க இருந்து வந்திச்சி எண்டு எனக்கும் செல்லோணும். நானும் ராவெல்லாம் அதத்தான் யோசிச்சிட்டு ஈக்கன்."

வண்டை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரு பிடி அரிசியும் வாங்கினேன். பெண்வண்டு மூக்கால் மணியில் ஓட்டை போட்டு, முட்டையிட்டு, ஓட்டையைப் பூசி மூடிவிடும். உள்ளே புழு வளர்வது வெளியே தெரியாது. வெள்ளை வெளேர் என்று கிடக்கும் அரிசிக்குள்தான் மிச்சக் கதை இருக்கும்.

ஆய்வுகூடத்தில் களஞ்சிய மாதிரிகளை ஓடவிடும் ஜெல் பாளத்தில் ஒன்றிரண்டு குழிகள் வெறுமையாகக் கிடக்கும், இந்த வண்டுகளுக்கு அந்த இடத்தைக் கேட்டேன். எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர். என்ன வண்டு என்று கேட்டார். ஒழுங்கையில் இரண்டு அம்மாக்கள் கோபம் என்று சொன்னேன். "அப்படியென்றால் அது களஞ்சிய மாதிரியைவிட அவசரம்" என்றார். ஆனால் அவசரத்துக்கு எதுவும் நடக்கவில்லை. முதல் தடவை மின்சாரம் போய், மெஷின் பாதியில் நின்றது. ஜெனரேட்டர் இருமி இருமி உயிர் பெறுவதற்குள் எல்லாம் பாழ். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்திருந்த மருந்து தீர்ந்து, புதிதாக வந்த பெட்டி துறைமுகச் சோதனையில் கிடந்தது. மாதக் கடைசி நெருங்க நெருங்க அன்ரி ஒன்றும் கேட்கமாட்டார். நான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வண்டை மிளகு அளவு உலக்கையால் நசுக்கி, மருந்துகளில் கழுவி, மரபணுவைப் பிரித்தெடுக்க வேண்டும். மெஷின் அதைச் சூடாக்கி ஆறவைத்து, சூடாக்கி ஆறவைத்து, நாம் தேடும் துண்டை மட்டும் பெருக்கும். பெருக்கியதை ஜெல்லில் ஓடவிட்டு, இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டால் கோடுகள் தெரியும். அரிசிவண்டின் கோடு ஒரு உயரத்தில் நிற்கும், சோளவண்டின் கோடு இன்னொரு உயரத்தில். நூறு தரம் பார்த்த கோடுகள். அன்றைக்கு விளக்கைப் போடுமுன் எந்தக் குழியில் எந்த வீடு என்று இரண்டு தரம் சரிபார்த்தேன்.

அன்ரி வீட்டு வண்டுகளில் சில அரிசிவண்டு, சில சோளவண்டு. உம்மா வீட்டு வண்டுகளில் சில சோளவண்டு, சில அரிசிவண்டு. மணிக்குள் இருந்த புழுக்களும் அதே கதைதான். பழைய குடும்பங்கள் மாதிரி இரண்டு வீட்டிலும் இரண்டு இனமும் கூடி இருந்து பெருகியிருந்தன.

நான் அந்தக் கோடுகளின் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்ரி மாடியில் இருந்தார். தன் விரிப்பைச் சுருட்டப் போகிற நேரம். வெயில் சுட்டது. அரிசியில் இருந்து வண்டுகள் சூடு தாங்காமல் விரிப்பின் ஓரத்துக்கு ஓடி, ஓரத்தைத் தாண்டிச் சீமெந்துத் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தன. எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்த் தாங்கியின் நிழல் பக்கம் போயின. உம்மாவின் விரிப்பு வழக்கமாக இருக்கும் பக்கம். எத்தனை சனிக்கிழமை நான் இதே மாடியில் நின்று இவர்களோடு கதைத்திருக்கிறேன். வண்டு படித்த எனக்கு இதைப் பார்க்கத் தோன்றவில்லை.

படத்தை அன்ரியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பரீட்சைத் தாள் மாதிரி தூரப் பிடித்துப் பார்த்தார்.

"எது அவவின்ரை?"

"இந்தப் பக்கம் அவவின்ரை, இந்தப் பக்கம் எங்கட. ரெண்டிலையும் ரெண்டும் இருக்கு அன்ரி."

"ஆருடையது ஆரிட்டை முதல் போனது?"

"அது இதிலை தெரியாது. இது எந்த இனம் எண்டு மட்டும்தான் சொல்லும். எந்த வீட்டிலை இருந்து எப்ப வந்தது எண்டு சொல்லாது." தரையில் ஊர்ந்தவற்றைக் காட்டினேன். "கைமாத்தா வாங்கின அரிசியாலை மட்டும் வந்ததெண்டு நான் நினைக்கேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை காயப்போடேக்கை அதுகள் அங்கையும் இஞ்சையும் நடந்திருக்கும்."

"எல்லாச் சனிக்கிழமையுமோ?"

"ஓம். எல்லாச் சனிக்கிழமையும்."

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டூலில் இருந்துகொண்டு எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் சரியும் இல்லை, பிழையும் இல்லை" என்றார். "என்ன கணக்கிது."

நான் வாக்குக் கொடுத்தபடி உம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கேட்டார். "அல்லாவே, ரெண்டு வீட்டுப் பூச்சியும் சம்பந்தி ஆயிட்டா?" என்று சொல்லி வாயை முக்காட்டால் மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "டீச்சர் என்ன சென்னா?" என்று கேட்டார். உங்களுக்கென்று ஒன்றும் சொல்லிவிடவில்லை என்றேன். அவர் திரும்பவும் பாத்திரங்களைச் சாக்கில் சுற்றத் தொடங்கினார். எனக்கு அன்ரி மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்கு நாலு அடி. அதற்கு இவ்வளவு யோசனையா?

லொறி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டில் இறங்கியது, அலுமாரி இறங்கியது. அன்ரி சமையலறையில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தார், கழுவியதையே திரும்பக் கழுவினார். கடைசியாக அரிசி வாளியை மகன் தூக்கப் போனபோது அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் ரின்பால் பேணி இருந்தது. வெறும் பேணி.

"உம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஒரு சுண்டு அரிசி தாங்கோ. மத்தியானத்துக்கு இல்லை."

எங்கள் வீட்டில் அப்போது ஒன்றரை மூட்டை அரிசி இருந்தது. அது எனக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், மூட்டையைத் தூக்கி ஏற்றிய கீழ்த்தட்டுக்காரருக்கும் தெரியும். உம்மாவுக்குத் தெரியாமலா?

உம்மா பேணியை வாங்கினார். வாளியைத் திறந்து அரிசியை அள்ளி, தலை தட்டாமல் கோபுரமாக நிரப்பினார்.

"வண்டு ஈக்கும் டீச்சர்."

"இருக்கட்டும். எங்கட வண்டுந்தானே."

உம்மா பேணியைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அரிசி மணி கீழே விழுந்தது.

"மறுகா இத எப்பிடித் திருப்பித் தரப் போறீங்க?" என்று உம்மா கேட்டார். "நான் ஹெந்தளைல ஈப்பன்."

"கொண்டு வந்து தாறன்" என்றார் அன்ரி.

உம்மா அன்ரியின் முகத்தைப் பார்த்தார். வரமாட்டார் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று மத்தியானம் அன்ரி அந்தச் சுண்டு அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டார். எனக்கும் போட்டார். நான் அதில் ஒரு வண்டைக் கண்டேன், சொல்லவில்லை, ஓரமாக ஒதுக்கினேன்.

சில நாள் கழித்து, விடுமுறை ஒன்றில், அன்ரி சேலை உடுத்தி வெளிக்கிட்டு நின்றார். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், அதற்குள் ஒரு சுண்டு அரிசி, எங்கள் தகரத்தில் அள்ளியது. "நீரும் வாறீரோ?" என்றார். நான் வராவிட்டால் தனியே போய்விடுவார் போல் இருந்தது. காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்கு வந்து, இன்னொரு பஸ் பிடித்தோம். கொட்டாஞ்சேனையைத் தாண்டும்வரை அவர் யன்னல் கம்பியை விட்டுக் கை எடுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று அட்டை காட்ட வேண்டும், பை திறக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது இராணுவத்தான், மீசை அரும்பிய பொடியன், அன்ரியின் பைக்குள் இருந்த போத்தலை எடுத்தான். இது என்ன என்று கேட்டான். நான் வாய் திறந்தேன். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஹால்" என்றார். அரிசி.

அவன் போத்தலைத் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு வண்டு ஏறிக்கொண்டிருந்தது. எந்த இனம் என்று எனக்கும் தெரியாது. "குல்லோ இன்னவா அம்மே" என்றான். பூச்சி இருக்கிறதே அம்மா.

"தன்னவா." தெரியும்.

அவனுக்கு அது விளங்கவில்லை. பூச்சி பிடித்த ஒரு சுண்டு அரிசியை இந்த வெயிலில் பஸ் ஏறி எங்கே கொண்டுபோகிறது இந்த அம்மா? யாருக்கு இது என்று கேட்டான்.

அன்ரி யோசித்தார். கணக்கின் கடைசி வரியை எழுதுமுன் நிறுத்துவாரே, அப்படி. என் மணிக்கட்டில் அவர் பிடி இறுகியது.

"மகே யாளுவட்ட" என்றார். என் சிநேகிதிக்கு.

பொடியன் மூடியை இறுக்கித் திருகிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தான். நாங்கள் பஸ்ஸில் ஏறி இருந்தோம். அன்ரி போத்தலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் பாலத்தில் ஏறியதும் என் பக்கம் சரிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"நான் சொன்னது சரியோ பிள்ளை?"

"சரி அன்ரி" என்றேன். "ஒரு பிழையும் இல்லை."